திரும்பும் காற்றும் ஒருவழிக் கதவும்

நுழையும்முன்

எந்திரங்கள் ஓடும்போது நேரக்கூடிய இடர்களையே மக்கள் பெரிதும் எண்ணிப் பார்க்கின்றனர். ஓடிக்கொண்டிருந்த எந்திரம் எதிர்பாராமல் நின்றுவிட்டால் என்ன நிகழும் என்ற வினா அவ்வளவாக எழுவதில்லை. வடசென்னையைப் போன்ற தொழிற்பகுதிகளில் அந்த வினா ஆலைச் சுவருக்கு வெளியே வாழ்வோருக்கும் உரியது. அதற்கு விடை தேடும் அறிவியல் கட்டுரை இது.

அடிகுழாயின் தோல்மடல்

சென்னை இராயபுரத்தை ஒட்டிய கல்மண்டபத்தின் குறுகிய தெருக்களில் விடியற்பொழுதில் எழும் ஒலிகளுள் ஒன்று அடிகுழாயின் ஒலி. அடிக்கத் தொடங்குமுன் ஒரு குவளை நீரைக் குழாயின் தலையில் ஊற்றுவது வீட்டுப் பெண்களின் வழக்கம். தண்ணீர் எடுப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று சிறுவர்கள் வியப்பதுண்டு. இரவு முழுதும் அடிக்காமல் விட்ட குழாயில் தோல் வாஷர் உலர்ந்து சுருங்கிவிடுகிறது. அடியிலுள்ள மடலும் சரியாகப் பொருந்துவதில்லை. முதல்நாள் மேலேற்றிய நீர் சொட்டுச் சொட்டாகக் கீழிறங்கிக் குழாய் வெறுமையாகிவிடுகிறது. ஊற்றும் நீர் தோலை நனைத்து அந்த இடைவெளியை அடைக்கிறது. அடுத்த நான்கைந்து அடிகளில் நீர் மேலேறி வருகிறது.

மேலே ஏற்றப்பட்ட பொருள், வழி கிடைத்தால் வந்த வழியே திரும்பிவிடும் என்பதே இங்கு நாம் காண்பது. அது திரும்பாமல் காப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு மடல்தான். கொல்லுலைத் துருத்தியும் இதே அறிவில் அமைந்தது. துருத்தியை விரிக்கும்போது உள்மடல் திறந்து காற்றை உள்ளே விடும். அமுக்கும்போது அம்மடல் தானே மூடிக்கொள்ள, காற்று உலைமுகத்தை நோக்கி மட்டுமே செல்லும். மடல் கிழிந்த துருத்தியை எவ்வளவு மிதித்தாலும் உலை கனலாது.

கல்மண்டபத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூரை அடைகிறது. மேற்கே பிரியும் வழி மணலிக்குச் செல்கிறது. 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிய உர ஆலையும் மணலியில் உள்ளன. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் நீர்ம இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மணலி உர ஆலை நாப்தாவைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவை மூலப்பொருளாகக் கொண்டது. எண்ணெயைச் சுத்திகரிப்பதாயினும் உரம் செய்வதாயினும், வளிமங்களை அழுத்திக் குழாய்களில் செலுத்தாமல் இத்தொழில்கள் நடைபெறா. அப்பணியைச் செய்யும் எந்திரங்களுள் முதன்மையானது மையவிலக்கு அமுக்கி. தொழிலாளர் நாவில் அது 'கம்ப்ரசர்'.

திறந்த வழியில் ஒரு சுழற்சி

மழையில் நனைந்த குடையை வேகமாகச் சுழற்றினால் அதன் விளிம்பிலிருந்து துளிகள் சிதறிப் பறக்கும். மையவிலக்கு அமுக்கியின் அடிப்படை அதுவே. வளைந்த இறக்கைகளைக் கொண்ட சக்கரம் ஒன்று உறைக்குள் மிக விரைவாகச் சுழல்கிறது. நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுகள் என்பது பல அமுக்கிகளுக்கு இயல்பான வேகம். நடுவில் நுழையும் வளிமம் விளிம்பை நோக்கி வீசியெறியப்படுகிறது. விளிம்பைச் சூழ்ந்துள்ள அகன்ற வழியில் அதன் விரைவு குறைகிறது. இழந்த விரைவு அழுத்தமாக மாறுகிறது. ஒரு சக்கரம் தரும் அழுத்தம் போதாதபோது, ஒரே தண்டில் பல சக்கரங்களைக் கோத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வளிமத்தை அனுப்புவர். அம்மோனியா உருவாக்கத்தில் இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கைத் தாண்டிச் செல்வதுண்டு. மகிழுந்துச் சக்கரத்தில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கே என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும்.

அடிகுழாய்க்கும் இவ்வெந்திரத்திற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அடிகுழாயிலும், மீனவர் பயன்படுத்தும் பனிக்கட்டியைச் செய்யும் ஆலைகளில் பரவலாகக் காணப்படும் உந்துதண்டு அமுக்கியிலும், ஒவ்வோர் அடிக்கும் மடல்கள் மூடித் திறக்கின்றன. உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே எப்போதும் ஒரு தடுப்பு இருக்கிறது. மையவிலக்கு அமுக்கியின் உள்ளே அத்தகைய தடுப்பு எதுவும் இல்லை. உள்வாயிலிலிருந்து வெளிவாயில்வரை வழி திறந்தே கிடக்கிறது. உயர் அழுத்தத்தில் உள்ள வளிமம் அந்த வழியில் திரும்பி வராமல் நிறுத்திவைப்பது சக்கரத்தின் சுழற்சி ஒன்றே. கதவில்லாத வாயிலில் நின்றுகொண்டு, முண்டியடிக்கும் கூட்டத்தைத் தோள்வலிமையால் தடுத்து நிறுத்தும் காவலரை இதற்கு ஒப்பிடலாம். அவர் தளர்ந்தால் வாயில் கூட்டத்தின் வசமாகிவிடும்.

நீருக்கும் வளிமத்திற்கும் உள்ள வேறுபாட்டையும் கருத வேண்டும். நீரை அழுத்தினால் அதன் பருமன் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே அழுத்தத்தை விட்டவுடன் அது சிறிதே விரிந்து அடங்கிவிடும். வளிமமோ சுருள்வில்லைப்போல் அழுந்தி ஆற்றலைத் தன்னுள் சேர்த்துவைத்துக்கொள்கிறது. விடுபட்டால் பல மடங்கு விரிந்து பாயும். அடிகுழாயின் மடல் பழுதானால் ஒரு குவளை நீரில் குறை தீர்ந்துவிடுகிறது. அமுக்கியில் அவ்வாறு தீர்வதில்லை.

எதிர்பாரா நிறுத்தம்

அமுக்கியை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. திட்டமிட்டு நிறுத்தும்போது இயக்குநர் முதலில் சுமையைக் குறைப்பார். வெளிவாயிலின் வளிமத்தைச் சிறிது சிறிதாக உள்வாயிலுக்குத் திருப்பி இருபுற அழுத்தங்களையும் நெருங்கச் செய்வார். அதன்பின்பே சுழற்சியை நிறுத்துவார். நிலையத்தை நெருங்கும் தொடர்வண்டி தொலைவிலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவதைப் போன்றது இது.

எதிர்பாரா நிறுத்தத்தில் இந்த ஒழுங்கு எதற்கும் நேரமில்லை. தண்டின் அதிர்வு மிகுந்தாலோ தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெயின் அழுத்தம் குறைந்தாலோ பாதுகாப்புக் கருவி எந்திரத்தைத் தானே நிறுத்திவிடும். ஆலைகளில் இதனை 'டிரிப்' என்பர். காரணம் ஆலைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வடஇந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தபோது கோடிக்கணக்கான மக்களுக்கு மின்சாரம் தடைப்பட்டது. அப்போது தென்னக மின்தொகுப்பு அதனோடு ஒத்தியங்கும் வகையில் இணைக்கப்படாததால் தமிழ்நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று அந்த இணைப்பு ஏற்பட்டது. நாடு முழுவதும் ஒரே தொகுப்பாக இணைந்ததால் விளைந்த நன்மைகள் பல. ஆயினும் எங்கோ தொலைவில் ஏற்படும் மின்தடை இங்குள்ள ஓர் எந்திரத்தை நிறுத்தக்கூடும் என்பதையும் பொறியாளர் கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்சாரம் நின்றதும் சக்கரம் உடனே நின்றுவிடுவதில்லை. தன் நிலைமத்தால் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் சக்கரம் தரும் அழுத்தும் திறன், வேகத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் குறைவதில்லை. வேகத்தின் இருமடியைப் பொறுத்துக் குறைகிறது. வேகம் கால்பங்கு குறைந்து முக்கால் பங்கானால், திறன் முக்காலின் இருமடியாகிய 56 விழுக்காட்டிற்கு இறங்கிவிடும். வேகம் பாதியானால் திறனில் எஞ்சுவது கால்பங்கே. இவ்வளவும் நிகழ நாழிகைகள் தேவையில்லை, வினாடிகள் போதும். அதே வேளையில் வெளிக்குழாயில் அடைபட்டுள்ள வளிமத்தின் அழுத்தம் ஏறக்குறைய முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது.

ஆக, நிறுத்தம் நேர்ந்த நொடியிலிருந்து இரண்டு இறக்கங்களுக்கு இடையே ஒரு பந்தயம் தொடங்குகிறது. ஒன்று சக்கரத்தின் திறன் இறங்குவது. மற்றொன்று வெளிக்குழாயின் அழுத்தம் இறங்குவது. அழுத்தம் முந்திக்கொண்டு இறங்கினால் எந்திரம் அமைதியாக ஓய்வுக்கு வரும். திறன் முந்தி இறங்கினால் வளிமம் திரும்பிப் பாயும். பாதுகாப்பு ஏற்பாடுகள் யாவும் இந்தப் பந்தயத்தின் முடிவை மாற்றுவதற்காக அமைந்தவையே.

பின்னோக்கிய பாய்ச்சல்

வளிமம் திரும்பும்போது முதலில் தோன்றுவது 'சர்ஜ்' எனப்படும் அலைவு. வெளிவாயிலின் அழுத்தத்தைத் தாங்க இயலாமல் சக்கரம் பின்வாங்க, வளிமம் உள்நோக்கிப் பாயும். அவ்வாறு பாய்ந்ததால் வெளிவாயிலின் அழுத்தம் சற்றுக் குறையும். சக்கரம் மீண்டும் வளிமத்தை முன்னோக்கித் தள்ளும். அழுத்தம் ஏறியதும் மறுபடியும் பின்பாய்ச்சல். ஓரிரு வினாடிகளுக்கு ஒருமுறை இவ்வாறு திசை மாறும்போது எந்திரத்தினின்று இடிபோன்ற ஒலி எழும், அடித்தளம் அதிரும். அருகில் பணிபுரிந்தவர்கள் அவ்வொலியை எளிதில் மறப்பதில்லை.

ஒவ்வொரு திசைமாற்றத்திலும் தண்டு முன்னும் பின்னும் இழுக்கப்படுகிறது. அதனைத் தாங்கும் உந்துவிசைத் தாங்கி தேய்கிறது. சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே மயிரிழை அளவே விடப்பட்டுள்ள இடைவெளிகளில் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. அழுத்தப்பட்ட வளிமமே திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதால் வெப்பமும் ஏறுகிறது.

பின்பாய்ச்சல் நீடித்தால் காற்றாலையின் விசிறியைப்போல் சக்கரம் எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். வளிமம் தண்டின் ஓரமாக வெளியேறாதபடி காக்கும் அடைப்புகளுள் சிலவகை ஒரு திசைச் சுழற்சிக்கெனவே வரியிடப்பட்டவை. எதிர்ச்சுழற்சியில் அவற்றின் முகங்கள் ஒட்டி உராய்ந்து கெடும். தண்டின் சுழற்சியாலேயே இயங்கும் எண்ணெய்ப் பம்பும் தன் பணியைச் செய்யாது. இதற்காகவே பல ஆலைகளில் எந்திரத்திற்கு மேலே உயரத்தில் ஓர் எண்ணெய்த் தொட்டியை அமைத்திருப்பர். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புவியீர்ப்பால் எண்ணெய் கீழிறங்கி, சுழற்சி அடங்கும்வரை தாங்கிகளை நனைத்துக்கொண்டிருக்கும். மாடியில் நீர்த்தொட்டி வைத்துள்ள எந்த வீட்டிற்கும் தெரிந்த உத்திதான் இது.

எந்திரம் கெடுவது இழப்பின் ஒருபகுதியே. யூரியா ஆலையில் கரியமில வாயுவை அழுத்தி, அம்மோனியாவோடு வினைபுரியும் கலத்திற்குள் செலுத்துகின்றனர். கரியமில வாயுவின் அமுக்கி திடீரென நின்று தடுப்பும் செயல்படாமற்போனால், கலத்திலுள்ள அரிக்கும் தன்மைகொண்ட கரைசல் அது வரவே கூடாத குழாய்களுக்குள் பின்னேறி வரும். அக்குழாய்கள் கரியமில வாயுவை மட்டும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. குறைந்த அழுத்தத்திற்கென அமைந்த பகுதிக்குள் உயர் அழுத்தம் புகுந்தால் இணைப்புகள் கசியலாம், பிளக்கவும் செய்யலாம்.

கசிவு என்னும் சொல்லுக்கு வடசென்னையில் விளக்கம் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்க் கடற்கரைக்கு அருகே கடலுக்கடியில் சென்ற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீடுகளைவிட்டு இருளில் வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அது அமுக்கியில் நேர்ந்த பின்பாய்ச்சல் அன்று. கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் குழாயில் நேர்ந்த சேதம். ஆயினும் இங்கே குழாய்க்கும் குடியிருப்புக்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணைச் சிறிது என்பதை அந்த இரவு காட்டியது. ஆலையின் உள்ளே ஒரு வால்வு எத்தனை வினாடிகளில் மூடுகிறது என்ற வினா இத்தகைய ஊர்களில் பொறியாளருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

[தெரிந்து தெளிவோம்
குழாயில் பாய்வதைக் கட்டுப்படுத்தும் 'வால்வு' என்பதற்குத் தமிழில் 'ஓரதர்' என்ற கலைச்சொல்லும் வழங்குகிறது. 'அதர்' என்பது வழியைக் குறிக்கும் பழஞ்சொல். ஓர் + அதர் = ஓரதர். எல்லா வால்வுகளும் ஒருவழிப்பட்டவை அல்ல. ஆகவே இச்சொல் மிகப் பொருந்துவது திரும்பவிடாத வால்வுக்கே. ஆலைத் தொழிலாளர் அதனை 'என்.ஆர்.வி.' என்று அழைப்பர்.]

ஒருவழிக் கதவு

பின்பாய்ச்சலைத் தடுக்கும் முதல் ஏற்பாடு, வெளிக்குழாயில் அமையும் திரும்பவிடா வால்வு. அதன் எளிய வடிவம் மேலே கீல் பொருத்திய வட்டக் கதவாகும். முன்னோக்கிப் பாயும் வளிமம் கதவைத் தள்ளித் திறக்கும். ஓட்டம் நின்றால் கதவு தன் எடையால் விழுந்து மூடும். இதற்கு மின்சாரமோ மனிதக் கையோ வேண்டியதில்லை.

ஆனால் எளிமையிலேயே ஒரு குறையும் உள்ளது. அகலத் திறந்து நிற்கும் கனமான கதவு கீழிறங்கச் சிறிது நேரமாகும். அதற்குள் வளிமம் திரும்பத் தொடங்கிவிட்டால், பாய்ச்சலே கதவை அடித்துச் சாத்தும். புயற்காற்றில் திறந்துகிடந்த சன்னல் அறைந்து மூடுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அவ்வாறு அறைபடும் கதவின் கீலும் தண்டும் நாளடைவில் நலியும். எனவே இன்றைய அமுக்கிகள் பலவற்றில் கீல்கதவுக்கு மாற்றாக, குழாயின் அச்சை ஒட்டி நகரும் எடைகுறைந்த வட்டத்தையும் அதனை அழுத்தும் சுருள்வில்லையும் கொண்ட வால்வைப் பொருத்துகின்றனர். வட்டம் கடக்க வேண்டிய தொலைவு மிகக் குறைவு. ஓட்டம் குறையக் குறைய வில் அதனை மூடிக்கொண்டே வரும். பின்பாய்ச்சல் வலுக்குமுன் வாயில் அடைபட்டிருக்கும்.

வால்வை எங்கே பொருத்துவது என்பதும் அதன் வகைக்கு நிகராக முதன்மையானது. எந்திரத்திற்கும் வால்வுக்கும் இடையிலுள்ள குழாயில் எவ்வளவு வளிமம் தங்குகிறதோ, அவ்வளவும் வால்வு மூடியபின்னும் எந்திரத்தின் வழியாகத் திரும்பக்கூடியது. சொம்பில் உள்ள நீர் ஓட்டை வழியாக விரைவில் வடியும். அண்டாவில் உள்ள நீர் அதே ஓட்டையில் வடிய நெடுநேரமாகும். ஆகவே வால்வை எந்திரத்திற்கு இயன்றவரை அருகில் வைத்து அந்த இடைக்குழாயைச் சொம்பளவாகச் சுருக்க வேண்டும். வரைபடத்தில் இடவசதிக்காக வால்வைச் சில மீட்டர் தள்ளி வரைவது ஒரு கோட்டின் வேலை. அதன் விளைவை எந்திரம் தன் வாழ்நாள் முழுதும் சுமக்கிறது.

தோற்றாலும் திறக்கும் வால்வு

கதவு மூடினால் மட்டும் போதாது. இடைக்குழாயில் அடைபட்ட வளிமத்திற்குப் போக்கிடம் வேண்டும். எந்திரத்திற்கும் திரும்பவிடா வால்வுக்கும் இடையிலிருந்து ஒரு கிளைக்குழாய் புறப்பட்டு உள்வாயிலை அடைகிறது. அதில் அமைந்துள்ள மீள்சுழற்சி வால்வு எந்திரம் இயல்பாக ஓடும்போது பெரும்பாலும் மூடியிருக்கும். நிறுத்தக் குறி வந்தவுடன் ஓரிரு வினாடிகளுக்குள் அது முழுதும் திறந்துவிட வேண்டும். திறந்தால் உயர் அழுத்த வளிமம் சக்கரத்தைச் சுற்றிச் சென்று குறைந்த அழுத்தப் பக்கத்தை அடையும். இரண்டு பக்கங்களும் சமமாகும். பந்தயத்தில் அழுத்தம் முந்தி இறங்க வழி ஏற்படும்.

இங்கே நுட்பமான ஒரு வினா எழுகிறது. மின்சாரமே நின்றுபோன வேளையில் இந்த வால்வைத் திறப்பது யார்? பொறியாளர்கள் இதனைத் தலைகீழாகச் சிந்தித்தனர். வால்வைத் திறப்பதற்கு ஆற்றலைச் செலவிடாமல், மூடிவைப்பதற்கு ஆற்றலைச் செலவிட்டனர். வலிய சுருள்வில் ஒன்று வால்வைத் திறக்கவே எந்நேரமும் முயன்றுகொண்டிருக்கிறது. கருவிகளை இயக்கும் அழுத்தக் காற்று அதற்கு எதிராக நின்று வால்வை மூடிவைத்திருக்கிறது. அந்தக் காற்றை அடைத்துவைப்பது ஒரு சிறு மின்காந்தம். மின்சாரம் நின்றால் காந்தம் விடும், காற்று வெளியேறும், வில் வெல்லும், வால்வு திறக்கும். கம்பி அறுந்தாலும் காற்றுக்குழாய் உடைந்தாலும் முடிவு அதுவே. எந்த உறுப்பு தோற்றாலும் தோல்வி காப்பின் பக்கமே சாயும்படி அமைக்கும் இவ்வடிவமைப்பு, பொறியியல் கண்டவற்றுள் மிக அழகான கருத்துகளுள் ஒன்று.

[தெரியுமா?
1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அக்காலத்தில் காற்றழுத்தத் தடை இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவரது முதல் அமைப்பில் காற்றைச் செலுத்தினால் தடை பிடிக்கும். குழாய் அறுந்தால் தடையே இருக்காது. பின்னர் அவர் அதனைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை வண்டி ஓடும். குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் தடை தானே பிடிக்கும்.]

இவ்விரண்டோடு வேறு ஏற்பாடுகளும் உண்டு. எந்திரத்தின் இருபுறமும் உள்ள பெரிய அடைப்பு வால்வுகள் மூடி அதனைத் தனிமைப்படுத்தும். தேவையானால் உள்ளிருக்கும் எரிவளிமம் உயர்ந்த கோபுரத்திற்கு அனுப்பப்பட்டு எரிக்கப்படும். மணலிப் பகுதியில் இரவில் செல்வோர் வானில் காணும் தீச்சுடர் அத்தகைய கோபுரத்தினுடையதே. சில வேளைகளில் அது வழக்கத்தைவிட உயர்ந்து எரியும். உள்ளே ஏதோ ஒன்று திட்டமின்றி நின்றிருக்கலாம் என்பதற்கு ஊரார் வெளியிலிருந்தே காணக்கூடிய அறிகுறிகளுள் அதுவும் ஒன்று.

டீர் பார்க் தரும் சான்று

காப்புக் கதவும் தோற்பதுண்டு. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் டீர் பார்க் என்னும் ஊரிலுள்ள ஷெல் வேதியியல் ஆலையில் 1997 சூன் 22 அன்று பெரும் வெடிவிபத்து நிகழ்ந்தது. எரிவளிமத்தை அழுத்தும் அமுக்கியின் குழாய்வழியில், 36 அங்குல விட்டமுள்ள திரும்பவிடா வால்வு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் கதவைத் தாங்கிய தண்டின் ஒரு முனை, வால்வின் உடலைத் துளைத்து வெளியே நீண்டிருந்தது. தண்டையும் கதவையும் பிணைத்த சிறிய முளை முறிந்தது. பிடிப்பை இழந்த தண்டை உள்ளிருந்த அழுத்தம் வெளியே எறிந்துவிட, அந்தத் துளை வழியாக எரிவளிமம் பீறிட்டு மேகமாய்ப் பரவித் தீப்பற்றியது. வெடிப்பின் அதிர்வு பல கல் தொலைவுவரை உணரப்பட்டது. உயிரிழப்பு நேரவில்லை என்பது நற்பேறே; தொழிலாளர் சிலர் காயமுற்றனர்.

அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தொழிற்பாதுகாப்பு நிருவாகமும் இணைந்து இதனை ஆராய்ந்தன. அந்த வால்வு தான் ஏற்ற கடும்பணிக்கு ஏற்ற வகையில் வடிவமைக்கப்படவில்லை என்பது அவற்றின் முடிவுகளுள் ஒன்று. சிந்திக்கத் தூண்டுவது மற்றொரு முடிவு. இவ்வகை வால்வுகளில் தண்டு வெளியே எறியப்பட்ட நிகழ்வுகள் வேறிடங்களில் முன்பே நேர்ந்திருந்தன. அவற்றிலிருந்து பெற்ற அறிவு உரியவர்களைச் சென்றடையவில்லை. ஓர் ஆலையில் கிடைத்த பாடம் கோப்பில் உறங்க, மற்றோர் ஆலையில் அதே முளை முறிந்தது. பொறியியல் ஒரு மொழியில் எழுதப்பட்டுப் படிக்கப்படும் துறை என்பதை மறந்தால் விலை இவ்வாறு அமையும். தெளிவாக எழுதப்பட்ட அறிக்கை ஒன்று, உரிய கையை அடைந்தால் அதுவும் ஒரு காப்புக் கதவுதான்.

மூடுமா என்று அறிவது

திரும்பவிடா வால்வின் இயல்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எந்திரம் ஓடும் நாள்களிலெல்லாம் அது திறந்தே கிடக்கிறது. கீல் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் வில் முறிந்திருந்தாலும் அந்நாள்களில் தெரியாது. உற்பத்தி குறையாது, எந்த மணியும் ஒலிக்காது. மூட வேண்டிய நொடியில்தான் அதன் குறை வெளிப்படும். பிற உறுப்புகள் பழுதானால் முறையிடுகின்றன, இது முறையிடுவதில்லை. ஆகவே ஆலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் காலத்தில் இவ்வால்வைக் கழற்றி, கதவையும் கீலையும் முளையையும் கண்ணால் காண்பது இன்றியமையாதது. மீள்சுழற்சி வால்வுக்கு நிறுத்தக் குறியைக் கொடுத்து அது முழுதும் திறக்க எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று அளக்க வேண்டும். சென்ற முறை ஒன்றரை வினாடியில் திறந்தது இம்முறை மூன்று வினாடி எடுத்துக்கொண்டால், வால்வு திறந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. இரண்டு இறக்கங்களின் பந்தயத்தில் அந்த ஒன்றரை வினாடிதான் வெற்றி தோல்வியைப் பிரிக்கிறது.

இத்தகைய சோதனைக்கு நேரம் வேண்டும். நேரம் உற்பத்தியிலிருந்து கழிகிறது. அடுத்த பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் பேச்சு எழும் இடம் இதுவே. அப்பேச்சை மறுத்துக் குறிப்பேட்டில் அளவை எழுதிக் கையொப்பமிடும் பணியாளரின் துணிவு எந்தப் பாராட்டு விழாவிலும் இடம்பெறுவதில்லை.

நிறுத்தத்திற்குப் பின்னரும் பொறுமை வேண்டும். ஆலை நின்ற ஒவ்வொரு மணிக்கும் இழப்பு ஏறுவதால் விரைந்து இயக்குமாறு தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும். தேர்ந்த இயக்குநர் உடனே பொத்தானை அழுத்துவதில்லை. உள்வாயிலின் அழுத்தமானியையும் வெளிவாயிலின் அழுத்தமானியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். எண்ணெய் ஓடுகிறதா என்று நோக்குகிறார். பிறகு எந்திரத்தின் அருகே சென்று தண்டைக் கவனிக்கிறார். திரும்பவிடா வால்வு சரியாக மூடாமல் வளிமம் கசிந்துகொண்டிருந்தால், தண்டு மெல்ல எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கும். அந்நிலையில் மின்னோடியை இயக்கினால் எதிரெதிரான இரு விசைகள் தண்டை முறுக்கும். தண்டு அசையாமல் நிற்பதைக் கண்டபின்பே அவர் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி, நின்ற நேரத்தையும் நிறுத்தத்தின் காரணத்தையும் அழுத்த அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகிறார்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள அடிகுழாய், நீர்மோட்டார், மிதிவண்டிச் சக்கரம் ஆகியவற்றுள் ஒன்றில் திரும்பவிடா அமைப்பு எங்கே உள்ளது, அது பழுதானால் என்ன நிகழும் என்பதைக் கண்டறிந்து படத்துடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

உங்கள் ஊரில் 'டிரிப்', 'என்.ஆர்.வி.' போலத் தொழிலாளர் வழக்கில் உள்ள பத்துச் சொற்களைத் திரட்டி, அவற்றுள் எவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல் எளிதில் பொருந்துகிறது, எவற்றுக்குப் பொருந்தவில்லை என்று வகுப்பில் கலந்துரையாடுக.